செலஸ்ரீனாவின் தனிக்கோப்பை

செலஸ்ரீனா அக்கா இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து பத்தொன்பது வருசம். அதில் பதினொரு வருசம் ஒரே வீட்டில், ஒரே கிழவியோடு. கிழவி என்று நான்தான் சொல்கிறேன். அக்காவுக்கு அவர் எப்போதும் சிஞ்ஞோரா, இத்தாலியனில் அம்மணி.

சிஞ்ஞோரா பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு படிப்பித்தவர். அந்த நாட்டு அரசியலில் அடிபட்ட சொற்களை அட்டைகளில் எழுதி, விளக்கமும் எழுதி, ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய வைத்திருந்தார். நியூ டீல், மக்கார்த்தியிசம், சிவில் உரிமை என்று முந்நூறு அட்டை. புத்தகமாக்கப் போகிறேன் என்பார், ஆக்கவில்லை.

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, நீலக்கரை போட்ட கோப்பை ஒன்றைச் சிரித்துக்கொண்டே நீட்டி, "இது உன்னுடையது" என்றாராம். அது மற்றக் கோப்பைகளோடு அலுமாரிக்குள் போகவில்லை. கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சலவை மருந்துப் போத்தலோடு நின்றது. சமத்துவம் படிப்பித்த மனுசி! எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வரும். அக்கா அந்தக் கோப்பையிலேயே பதினொரு வருசம் கோப்பி குடித்தார்.

போன மாரியில் சிஞ்ஞோராவுக்கு மறதி தொடங்கியது. இரண்டு தரம் அடுப்பை அணைக்க மறந்தார். மிலானோவில் இருக்கும் மகன் போன் எடுத்தார். டொக்டரோடு வருவாராம், அம்மாவின் புத்தி சரியில்லை என்று டொக்டர் சொன்னால் முதியோர் இல்லந்தானாம்.

அக்கா கணக்குப் போட்டுப் பார்த்தார். சிஞ்ஞோரா போனால் வேலையும் போகும், படுக்கிற அறையும் போகும். வைகாசியில் பெர்மெசோ, இங்கே தங்கியிருக்கும் அனுமதி, முடிகிறது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், எதைக் காட்டி அதைப் புதுப்பிப்பது? ஐம்பத்தாறு வயதில், வீங்கின முழங்காலோடு, புது வீடு தேடி எத்தனை மாடி ஏறுவது?

சிஞ்ஞோராவின் ஞாபகத்தைத் தீட்ட அக்காவுக்குத் தெரிந்த படிப்பு முறை ஒன்றுதான், ஊர்காவற்றுறை மாதா கோயிலில் படித்த ஞானோபதேசக் கேள்வி பதில். அட்டைகளின் பின்பக்கத்தில் இத்தாலியன் விளக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டார். தினமும் காலைக் கோப்பியோடு கேள்வி. பிழைத்தால் திரும்பவும் கேள்வி. நேற்றுச் சாப்பிட்டதை மறந்த சிஞ்ஞோரா நியூ டீலை மறக்கவில்லை. ஒரேயொரு அட்டையை மட்டும், "அதை வை" என்று தள்ளிவிடுவார்.

டொக்டர் வந்து குசினி மேசையில் உட்கார்ந்து தேதி கேட்டார், கிழமை கேட்டார். பாதி சரி, பாதி பிழை. அக்கா பொறுக்காமல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதிலை கேளுங்கோ டொக்டர்."

மக்கார்த்தியிசம் என்றார் டொக்டர். கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களை வேலையை விட்டுத் துரத்திய காலத்தைச் சிஞ்ஞோரா அழகாகச் சொன்னார். மகனின் முகம் மலர்ந்தது. அடுத்து டொக்டர் எடுத்தது அந்தத் தள்ளிவிடும் அட்டை.

"'தனித்தனி, ஆனால் சமம்.' இது என்ன, பேராசிரியரே?"

கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம், வேறு தண்ணீர்க் குழாய், ஆனாலும் எல்லாரும் சமம் என்று அங்கே சட்டம் சொன்ன பொய் அது. பின்பக்கத்தில் அக்காவின் கையெழுத்தில் அப்படித்தான் இருந்தது. சிஞ்ஞோரா தொட்டிப் பக்கம் பார்த்தார்.

"அது செலஸ்ரீனாவின் கோப்பை."

மகன் முகத்தைப் பொத்திக்கொண்டார். கேள்வி விளங்கியதா என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

"விளங்கியது. பதினொரு வருசமாக அது அங்கேதான் நிற்கிறது."

பதில் பிழையென்று டொக்டர் எழுதத் தொடங்கினார். மனுசி அன்றைக்குச் சொன்னதிலேயே சரியான பதில் அதுதான். அது ஏன் சரி என்று அக்கா ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த கிழமை சிஞ்ஞோரா இல்லத்துக்குப் போனார்.

போன சனிக்கிழமை பிரான்காச்சோப் பக்கம் போகும் பஸ்ஸில் அக்காவைக் கண்டேன். அங்கே ஒரு பட்டறையைக் கூட்டித் துடைக்க ஆள் கேட்டார்களாம். எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"ஏனக்கா வாயைத் திறக்கேல்லை? அந்தக் கோப்பையின்ரை கதையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்காதெல்லோ?"

"ஓம், போயிருக்காது." முழங்காலைத் தடவிக்கொண்டார். "என்ன முகத்தோடை சொல்லுறது? ஊரிலை எங்கடை வளவுக்குக் கள்ளுச் சீவ ஒருத்தர் வாறவர். தண்ணி கேட்டால், வேலியிலை கொழுவின சிரட்டையிலைதான் நான் ஊத்துவன். குடிச்சிட்டுத் திரும்பக் கொழுவிப்போட்டுப் போகும் மனிசன்."

பஸ் நின்றது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார்.

"சிஞ்ஞோராவுக்கு என்ரை பேராவது தெரிஞ்சிருந்தது. அந்தாளின்ரை பேர் எனக்குத் தெரியாதடி."