ஏழாவது துணி

தொண்ணூறுகளின் கடைசியில், ஆம்பூரில் யார் எந்தப் போதையில் விழுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை எனக்கு. கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னவர், பேருந்து நிலையத்தின் பின்பக்கச் சந்தில் குப்பை பெருக்கும் அம்மா ஒருவர்தான்.

ஒல்லியான உடம்பு. முந்தானை கிழிந்த பச்சைக் கட்டம் போட்ட புடவை. குப்பையில் கிடக்கும் துணிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார். வாடை அடித்தால் பழைய துணிக்காரன் வாங்க மாட்டானாம்.

"இருமல் மருந்து பாட்டிலு இப்ப கம்மி சார். சொல்யூஷன் துணிதான் ஜாஸ்தி" என்றார் ஒரு காலையில்.

சொல்யூஷன் என்றால் ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் பசை; துணியில் ஊற்றி முகர்ந்து போதை ஏற்றிக்கொள்வார்களாம். என் படிவத்தில் அதற்கு இடமே இல்லை. ஷூ கம்பெனிகள் நிறைந்த ஊரில் பாதிப் பேர் கையில் வீசும் வாடை அது. போதை என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. படிவத்தின் ஓரத்தில் அவசரமாகக் கோடு கிழித்து, அவர் முகர்ந்து சொல்லச் சொல்லக் குறித்தேன்.

ஏழாவது துணியை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பச்சைக் கட்டம். தன் முந்தானையை இழுத்து அதனோடு வைத்துப் பார்த்தார். கிழிசல் பொருந்தியது.

"வீட்ல யாரும்மா?" என்றேன்.

துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஆறுன்னே எழுதிக்கோ சார்."

ஆறு என்றுதான் எழுதினேன். மேலே போன அறிக்கையில், விவரங்கள் அனைத்தும் சரி என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.