ஆடாத புள்ளி

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குள் ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். லிஃப்ட் மெக்கானிக் காலையிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு ஆண்டுகளாக அவர் தன் குடியிருப்பின் மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, அதன் முனையில் கேமராவை மாட்டிப் படமெடுத்து வருகிறார். நிலா பக்கமே போகமாட்டார். ஒரே படத்துக்குள் நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டங்கள்தான் அவருக்கு வேண்டும். முப்பது கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கும் கூட்டம் ஒரே படத்தில் முழுதாகச் சிக்கிவிடாது. ஐந்தைந்து நிமிடமாகப் பல படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்தான் மங்கலானவையும் தெளிவாகத் தெரியும்.

பகல் வேலையிலும் ஆள் அப்படித்தான். லிஃப்ட் மாடித் தரையைவிட இரண்டு மில்லிமீட்டர் ஏறி நின்றாலும் கருவிப் பெட்டியைப் பூட்டாமல் மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுப்பார். ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை, "புது நட்சத்திரம்" என்று வானியல் சங்கத்தில் அறிவித்தார். மறுநாள் பார்த்தால் அது சூரியனைச் சுற்றும் ஒரு சாதாரணக் கல். ஏற்கெனவே பட்டியலில் இருந்தது. அன்றிலிருந்து சங்கத்தில் அவருக்குப் பெயர் 'அவசரம்'.

இப்போது மறுபடியும் ஒரு புள்ளி. போன வாரம் செவ்வாய்க்கிழமை இரவு எடுத்த இருபத்திரண்டு படங்களைச் சேர்த்தபோது, கூட்டத்தின் ஓரத்து மண்டலம் ஒன்றில் அது உட்கார்ந்திருந்தது. சென்ற ஆண்டுப் படத்தில் இல்லை. நட்சத்திரம் வெடித்திருக்கிறது என்று நினைத்தவர், மனம் தாங்காமல் சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டார். மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர் அந்தச் செயலாளர். இன்று ஒரு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"அவசரம் சார், நல்லா யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சிட்டேதான் இருக்கேன் சார்."

"நாலு மணிக்கு ஆய்வகத்துக்குக் கடிதம் அனுப்பிடுவேன். நம்ம பேச்சை நம்பிப் பெரிய தொலைநோக்கியைத் திருப்புவாங்க. போன தடவை மாதிரி ஆச்சுன்னா அப்புறம் நம்ம ஃபோனையே எடுக்க மாட்டாங்க."

"போன தடவை என்ன ஆச்சுன்னா சார்..."

"அதை விடுங்க. இந்தத் தடவை என்ன?"

'நாலு மணிக்குள்ள சொல்றேன்' என்று ஃபோனை வைத்தார். அரை நாள் விடுப்புப் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவரை விடாமல் அரித்தது ஒரு சந்தேகம். கேமராவுக்குள்ளேயே ஒரு புள்ளி பழுதாகிவிட்டால் அதுவும் படத்தில் நட்சத்திரம் போலத்தான் மின்னும். அதற்காகவே ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் தொலைநோக்கியை ஒரு மயிரிழை நகர்த்துவார்கள். வானம் நகரும்; பழுது நகராது; வேஷம் கலைந்துவிடும். அன்று மேகம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அந்த நகர்த்தலை நிறுத்தி வைத்தது அவர்தான். மூடியைப் போட்டு ஒரே ஒரு படம் எடுத்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் ஈரம் புகுந்ததென்று கேமரா பழுதுபார்ப்பவரின் மேசையில் பிரித்துக் கிடந்தது. வானமோ ஒன்பது நாளாக மூடிக் கிடந்தது.

மேசையின் மறுபக்கம் அவர் மனைவி திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நீங்க முறைக்கிற முறைப்புக்கு அந்தக் கம்ப்யூட்டர் பயந்துபோய் உண்மையைச் சொல்லிடுமா?"

"சும்மா இரு. மணி மூணேகால்."

"சும்மாதான் இருக்கேன். நடந்தாலே குத்தம்னு ஆன வீட்டுல வேற என்ன பண்றது?"

அவர் தலை நிமிர்ந்தது. குறிப்பு நோட்டை இழுத்துப் புரட்டினார். செவ்வாய், கடைசி வரி: 'படம் 23. இரவு 10.47. கெட்டது. காரணம்: மனைவி துணி எடுக்க வந்தாள், கூடை தொலைநோக்கியின் முக்காலியில் இடித்தது. பிறகு மேகம்.'

கெட்ட படத்தைச் சேர்க்கமாட்டார். ஆனால் அழிக்கவும் மாட்டார். படம் 23ஐத் திறந்தார்.

கூடை இடித்த இடத்தில் வானமே ஒருமுறை துள்ளியிருந்தது. ஒவ்வொரு நட்சத்திரமும் இரட்டையாக நின்றது. மங்கலாகத் தெரிந்த மண்டலங்களும் இரட்டை. ஓரத்து மண்டலத்தைப் பெரிதாக்கினார்.

அந்தப் புள்ளி மட்டும் ஒற்றை. உருண்டையாக, அசையாமல், ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது.

மணி 3.36. செயலாளரைக் கூப்பிட்டார்; செயலாளர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். 3.41, அப்படியே. 3.46, அப்படியே. நேரில் ஓடிவிடலாமா என்று செருப்பை மாட்டினார்; இருபது நிமிட வழி என்று கழற்றினார். 3.52க்குக் குரல் வந்தது.

"அனுப்பிட்டீங்களா சார்?"

"அனுப்பத்தான் உட்கார்றேன்."

"வேண்டாம் சார்! இருபத்து மூணாம் படத்துல கூடை இடிச்சு, வானத்துல இருக்கிறதெல்லாம் ரெண்டா விழுந்திருக்கு. இது மட்டும் ஒண்ணா நிக்குது. இது வானத்துல இல்ல, என் கேமராவுக்குள்ள இருக்கு. மேகம் வருதுன்னு நகர்த்தலை நிறுத்திட்டு எடுத்துட்டேன்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"சரி, அழிச்சிட்டேன். அடுத்த மாசக் கூட்டத்துல இதை நீங்களே எல்லாருக்கும் சொல்லணும்."

"எல்லாருக்குமா?"

"அந்த இருபத்து மூணாம் படத்தையும் எடுத்துட்டு வாங்க. நானும் ஒரு தடவை அந்த நகர்த்தலை நிறுத்தி வச்சு ஏமாந்தவன்தான். யார்கிட்டயும் சொல்லல."

ஃபோனை வைத்தபோது மனைவி தையலை நிறுத்தியிருந்தாள்.

"அப்போ நான் இடிச்சது நல்லதாப் போச்சா?"

"ஆமா."

"ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டுத் திரிஞ்சீங்களே! முதல்ல அந்த நோட்டுல என்னைப் பத்தி எழுதினதை அடிங்க."

"எழுதினதை அடிக்கிற வழக்கம் இல்ல."

பேனாவைத் திறந்து கீழே எழுதினார்: 'படம் 23. மறுபடி பார்த்தது, வியாழன் மாலை 4.05. கெட்டதல்ல. அன்று எடுத்ததில் உண்மை சொன்னது இது ஒன்றே.'

அவள் எட்டிப் பார்த்தாள். "யார் இடிச்சதுன்னு போடலையே?"

"மேலேயே இருக்கே."

"திட்டும்போது ஆளைப் போட்டீங்க இல்ல? இதுலயும் போடுங்க."

அவர் போட்டார். அதற்கும் கீழே சங்கக் கூட்டத்தின் தேதியை எழுதினார். இன்னும் இருபத்தாறு நாள். இரண்டுமுறை எண்ணிப் பார்த்தார், குறையவில்லை.