பட்டியலில் இரண்டாவது பெயர்

திஹோமிர் விலாயெவுக்கு வயது அறுபத்தொன்று. அதில் இருபத்திரண்டு வருஷம் பள்ளி வேன் ஓட்டியே கழிந்தது. எந்தப் பிள்ளை பட்டினியோடு ஏறுகிறது, எது எந்த வளைவில் வாந்தி எடுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் கல்விச் சீர்திருத்தக் கூட்டத்தில் எழுந்து, மலைமேல் இருக்கும் புகோவோ கிராமத்தின் நான்கு பிள்ளைகளைப் பற்றி வாயெடுத்ததும், தலைநகர் சோபியாவிலிருந்து வந்திருந்த அம்மாள் சிரித்த முகம் மாறாமல் அவரை உட்கார வைத்துவிட்டார். படிப்பைப் பற்றி நிபுணர்கள் பேசட்டுமாம். டீசல் பற்றி ஏதாவது இருந்தால் டிரைவர் அப்புறம் சொல்லலாமாம்.

நிபுணர்கள் பேசித் தீர்த்தார்கள். செப்டம்பரில் புதிய வழித்தடம் வந்தது. புகோவோ அதில் இல்லை. பதிலாக ஸ்தாரா லிபா இருந்தது. மாணவர்கள் இரண்டு பேர்.

ஸ்தாரா லிபா திஹோமிர் பிறந்த ஊர். அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய் ஐம்பத்திரண்டு வருஷம் ஆகிறது. பட்டியலை இரண்டு தடவை படித்தார். முதல் பெயர் அவருடையது. இரண்டாவது, தங்கை ஸ்தமேனா. தண்ணீர் வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில், ஏழு வயதில், காய்ச்சலில் போனவள். அவள் கல்லறை ஊரோடு அடியிலேயே கிடக்கிறது. எந்த மக்கிப்போன பதிவேட்டிலிருந்து எடுத்தார்களோ, அந்த மகானுபாவர்கள்.

கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த பெண் பாவம், நல்லவள்தான்.

"நிபுணருங்க போட்ட லிஸ்ட்ணே. அதுல கை வைக்க நான் யாரு? அக்டோபர் கடைசிக்குள்ள ரெண்டு பேரும் ஏறினதா பதிவாகலைன்னா அந்த ஸ்டாப்பையே தூக்கிடுவாங்க."

ஸ்டாப் போனால் புகோவோ பிள்ளைகளின் படிப்பும் போச்சு. அவர்கள் நாலு பேரும் இருட்டோடு மலையிறங்கி அந்த ஸ்டாப்புக்குத்தான், ஊர் மூழ்கிய அணை ஏரியின் கரைக்குத்தான், நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

தினமும் கரையில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, விதிப்படி மூன்று நிமிடம் காத்திருப்பார். வருகைப் படிவத்தில் தன் பெயருக்கு டிக் போடுவார், தினமும் வருகிறவர்தானே. தங்கையின் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவார். செத்தவளை உயிரோடு எழுத மனசு வரவில்லை. மழையில்லாத வருஷம் வேறு. தண்ணீர் இறங்க இறங்க, பழைய பள்ளிக்கூடத்தின் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அக்டோபர் கடைசி நாள். மூடுபனியில் கரையே தெரியவில்லை. பிள்ளைகள் ஏறினார்கள். மூன்று பேர் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். கடைக்குட்டி ஸ்லாதினா மட்டும், பாதி கடித்த சீஸ் ரொட்டியோடு முன் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உக்காரு கண்ணு, கிளம்பணும்."

"இங்க எப்படி மாமா? இந்தப் பொண்ணு உக்காந்திருக்காளே."

திரும்பிப் பார்த்தார். இருக்கை காலிதான். ஆனால் நனைந்திருந்தது, விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்லாதினாவின் உடுப்பில் ஈரமே இல்லை.

திஹோமிருக்குப் பயமாக இருந்தது. அதைவிட அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஸ்லாதினாவைப் பின்னால் அனுப்பினார். முன் ஜன்னலை இறுக மூடினார். காய்ச்சல்காரிக்குக் குளிர் ஆகாது. பிறகு இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். 'பட்டியலில் பிழை ஏதும் உண்டா' என்று படிவத்தின் அடியில் ஒரு கேள்வி இருக்கும். ஒன்றரை மாதமாக, யாரும் படிக்காவிட்டாலும், அதற்கு நீளமாகப் பதில் எழுதிவந்தார். அன்று 'இல்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.