இரண்டாம் தடவை அழித்த பொட்டு

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் என் கடை. கருமாதி பேனர், படத்திறப்புக்கு வீடியோ, இதுதான் பிழைப்பு. காரியத்தன்று செத்தவர் படத்தைத் திறந்து பூப்போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது படத்துக்குப் பக்கத்தில் ஒரு டிவியும் வைக்கிறார்கள். அதில் செத்தவர் கண் சிமிட்டிச் சிரிக்க வேண்டும்.

சிரிக்க வைக்கிற கருவியை நானே எழுதினேன். யாரும் சொல்லித் தரவில்லை. இணையத்தில் சும்மா கிடைக்கிற ஏஐ மாடல்களை இறக்கி, ஒன்றோடு ஒன்றைக் கோத்து, யாரோ கழித்துக்கட்டிய கிராபிக்ஸ் கார்டில் ஓடவிட்டேன். பொத்தான்களுக்கு என் வாய்க்கு வந்த பெயர்கள்: கறையைத் துடைக்கத் ‘தொடை’, மங்கின முகத்தைத் தெளிவாக்கக் ‘கூட்டு’, சிரிக்க வைக்க ‘அசை’. டீக்கடை மாஸ்டர் பார்த்துவிட்டு, "எமன் இட்டுக்கினு போறான், நீ இழுத்துக்கினு வர" என்றார். அந்தப் பேச்சு பிடித்துப்போய் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் மாடலுக்கு நம் ஊர் தெரியாது. படத்தில் உள்ள கறையைத் துடைக்கச் சொன்னால் பொட்டையும் கறை என்று துடைத்துவிடும். சுமங்கலியாகப் போன ஒரு அம்மாவின் படம் அப்படி வெறும் நெற்றியோடு வந்து, அந்த வீட்டுக்காரர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார். அதனால் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்: பெண் முகம் என்றால் கடைசியில் ஒரு பொட்டு வை. அதற்குமேல் யோசிக்கவில்லை.

பெருநகர் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கம்பெனி வேலைக்குப் போகிறவள், சீருடையோடே வந்திருந்தாள். அம்மா தவறிவிட்டாள், தனிப்படம் ஒன்றுகூட இல்லை. "ஆதார் கார்டுல கீறது எங்கம்மாதானான்னு எனக்கே சந்தேகம்ணா" என்றாள். இருந்தது நூறு நாள் வேலையில் வருகைக்காக எடுத்த கும்பல் படம் மட்டும். சேலைமேல் ஆண்சட்டை, தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. அதுவும் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி, கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி வந்த படம்.

சட்டையையும் துண்டையும் எடுத்து, முகத்தைக் கூட்டி, அசையவிட்டேன். கருமாதிக்கு முந்தின நாள் அவளும் அவள் அப்பாவின் அண்ணனும் பார்க்க வந்தார்கள். திரையில் அம்மா சிரித்தாள். நெற்றியில் சிவப்பாகப் பொட்டு.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனாள். பொட்டு வைத்த அம்மாவை அவள் பார்த்ததே இல்லை. அப்பா செத்தபோது அவள் கைக்குழந்தையாம்.

பெரியப்பா என்னிடம் திரும்பினார். "இன்னாப்பா இது. தாலியறுத்தவளுக்குப் பொட்டு வெச்சிக்கீற. நாலு பேர் வர எடத்துல எந்தம்பி மானம் இன்னாவறது?"

"எங்கப்பா செத்தப்ப ஒரு தபா அழிச்சீங்க பெரீப்பா" என்றாள் அவள். "இப்ப எங்கம்மாவே செத்துப்போச்சு. இன்னொரு தபா அழிக்கணுமா?"

முறை என்று ஒன்று இருக்கிறது என்றார் பெரியப்பா. குரல் உயரவில்லை. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது, கொள்ளி வைத்தது பெரியப்பா மகன். பொட்டோடு படம் வந்தால் அவன் கருமாதிக்கு உட்கார மாட்டான் என்பதை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

சின்னப் பொட்டுதானே, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நான் இழுத்தேன். "ஊர் வாயை மூட ஒலமூடி நீ குடுப்பியா?" என்றார். சொலவடை என்றால் எனக்கு உயிர். அன்று ஒரு சொலவடையே என் வாயை மூடிவிட்டது.

அவள் செல்போனை எடுத்துத் திரையை ஒரு படம் பிடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "அழிச்சுடுண்ணா" என்றாள்.

முதலிலிருந்து ஓட்ட நேரமில்லை, விடிந்தால் காரியம். ஓடி முடிந்த வீடியோவையே பிரேம் பிரேமாகப் பிரித்துத் தொடை பொத்தானை அழுத்தினேன். மாடலுக்குச் சுலபமான வேலை, அதற்கு எப்போதும் அது கறைதானே. சில பிரேம்களில் மட்டும் சிவப்பு லேசாகத் தங்கியது. பெரியப்பா பின்னால் நின்று, திரையில் விரல் வைத்து, இங்கே தெரிகிறது, அங்கே தெரிகிறது என்று காட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பிரேமிலும் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் முறை தெரிந்த ஆள் என்று எனக்குப் பெயர். பெரியப்பாவே ஆள் அனுப்புகிறார். இப்போது பெண் படம் ஏற்றினால் கருவி முதலில் கேட்கிறது: புருசன் உண்டா? நான்தான் எழுதி வைத்தேன். வருகிறவர்கள் நல்ல ஏற்பாடு என்கிறார்கள். ஆண் படத்துக்கு அப்படி ஒரு கேள்வி இல்லையே என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த அம்மாவின் கருமாதியன்று டிவியை மாட்ட நான்தான் போனேன். உயிரோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண் பந்தலுக்குப் பின்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் திரையிலிருந்து எடுத்த படம். திரையைப் படம் பிடித்ததால் முகத்தின் மேலே கோடுகள் ஓடின. பொட்டு வைத்த படம் என்னிடம் இன்னும் இருக்கிறது, சுத்தமானதாக அனுப்பட்டுமா என்று மெல்லக் கேட்டேன்.

"வேணாண்ணா. நீ அனுப்பிச்சா பளிச்சுனு இருக்கும், எவனாவது பாத்துட்டு அழின்னு வந்து நிப்பான். இது இப்படியே இர்க்கட்டும்."

சாப்பிட வரச்சொல்லிப் பெரியப்பா குரல் கொடுத்தார். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "நீ போய்த் துன்னுண்ணா" என்றாள்.