ஏசி மெக்கானிக் வீட்டு வெந்நீர்

ஊரார் வீடுகளுக்கெல்லாம் குளிர் மாட்டிக் கொடுத்தே இருபத்தாறு வருடம் ஓட்டியவர் அந்த ஏசி மெக்கானிக். சொந்த வீட்டில் தேவைப்பட்டதோ சூடு. மனைவிக்கு மூட்டுவாதம். கோணிப்போன விரல்கள் மதியத்துக்கு முன் விரியாது. அவர் வேலைக்குப் போன பிறகு தனியாகத்தான் குளிக்க வேண்டும். ஒருநாள் அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பானை கை நழுவி, வலது பாதம் வெந்துபோனது. ஹீட்டர் மாட்டலாமென்றால் அந்த வாடகை வீட்டு வயரிங் தாங்காது.

வெயிலிலேயே தண்ணீரைச் சூடாக்க மொட்டை மாடியில் வேலையை ஆரம்பித்தார். கழித்துப் போட்ட ஏசிகளிலிருந்து செம்புக் குழாய்களை உருவி, தகட்டின் மேல் வரிசையாகப் பற்றவைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, மரப்பெட்டிக்குள் வைத்து, ஜன்னல் கண்ணாடியால் மூடினார். முதல் பெட்டி பற்றவைத்த இடமெல்லாம் ஒழுகியது. இரண்டாவதின் கண்ணாடி வெயிலில் பட்டென்று தெறித்தது.

“வெந்நீர் வருதோ இல்லையோ, மாடி நல்லா கழுவியாச்சு,” என்றாள் மனைவி.

“சிரி, சிரி. இந்த வாட்டி பாரு.”

மூன்றாவது பெட்டி சொன்ன பேச்சு கேட்டது. பழைய மெத்தைப் பஞ்சு சுற்றிய டிரம்மில் சூடு நின்றது. முழங்கையால் தள்ளித் திறக்கிற பிடி ஒன்றையும் குளியலறைக் குழாயில் மாட்டினார். அன்று அவள் முக்கால் மணி நேரம் வெளியே வரவே இல்லை. உள்ளே பாட்டுச் சத்தம்.

ஐந்து மாதம் அப்படிப் போனது. பிறகு பக்கத்து மனையில் கட்டடம் எழும்ப ஆரம்பித்தது.

“எத்தனை மாடிங்க?” என்று மேஸ்திரியிடம் கேட்டார்.

“அஞ்சு, பெரியவரே. ஏன், வாங்கப் போறீங்களா?”

நான்காவது மாடி ஏறியதும் பெட்டி முழுக்க நிழல். இடம் மாற்றினார், உயர்த்திக் கட்டினார், இன்னொரு பெட்டி செய்து சேர்த்தார். எதுவும் எடுபடவில்லை.

ஒரு ஞாயிறு மதியம், அவள் குளிக்கப் போகுமுன் வாளிக்குள் கை விட்டுப் பார்த்தார். பச்சைத் தண்ணீர்.

“இரு, அடுப்புல வச்சுத் தரேன்.”

“வேணாம், சூடாத்தான் இருக்கு,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்ச நாளாக அவளுக்கு வலி ஏறிக்கொண்டே போனது ஏனென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“எத்தனை நாளா இப்படிக் குளிக்கிற?” கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

பல் தந்தியடிக்கும் சத்தம் அவருக்குக் கேட்டது.

மறுநாள் எட்டு மணிக்கு டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். “ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளி,” என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள்.