புட்டு மணத்த விளக்கு

லைட்டைப் போட்டுச் சில நிமிடங்களில் எங்கள் அறையில் புட்டு மணக்கத் தொடங்கும். ஊரைவிட்டு வெளிநாடு வந்த புதிதில், மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் பின்னறையில் அம்மாவும் நானும் குடியிருந்த காலம் அது. எனக்கு ஒன்பது வயது. கூரையிலிருந்து மொட்டையாகத் தொங்கிய பல்ப் கண்ணைக் குத்துகிறது என்று, யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த "நீத்துப்பெட்டி"யை, அதாவது புட்டு அவிக்கும் கூம்பு வடிவப் பனையோலைப் பெட்டியை, நுனியில் துளையிட்டு அம்மா அதற்குக் கவிழ்த்து மாட்டியிருந்தார். பல வருட ஆவியைக் குடித்திருந்த ஓலை, சூடேறியதும் தேங்காய்ப்பூவும் அரிசிமாவுமாக மணந்தது. பின்னலின் இடுக்குகளால் கசிந்த வெளிச்சம் சுவரெங்கும் சின்னச் சின்னக் கட்டங்களாக விழுந்தது.

"என்ன அக்கா, லைட்டிலயே புட்டு அவிக்கிறியள்?" என்று மேல்மாடியில் இருந்த குணம் மாமா வாசலில் நின்று கேட்பார்.

"ஓம் தம்பி, அவிஞ்சதும் கூப்பிடுறன், கோப்பையோட வா," என்பார் அம்மா.

அவர்கள் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வராது. பள்ளித் தோழி ஒருத்தி முதல்முறையாக வீட்டுக்கு வரவிருந்த சனிக்கிழமை, அம்மா வேலையிலிருந்து வருமுன் கதிரையில் ஏறி நீத்துப்பெட்டியைக் கழற்றினேன். பல்ப் சூட்டில் காய்ந்து முறுகியிருந்த ஓலை என் கையிலேயே நொறுங்கியது. தோழி வந்து போனாள். கூரையை அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அம்மா ஏசவில்லை. "விருந்தாளி வாற நாளில எல்லாரும் உடுத்து வெளிக்கிட்டு நிப்பினம். நீ லைட்டின்ர உடுப்பை உரிஞ்சுபோட்டாய்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓலைத்துண்டுகளைக் கூட்டி அள்ளினார். அந்த உடுப்பை எப்படியாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்ததுதான்.

இன்று களிமண்ணில் விளக்குகள் செய்வது என் தொழில். எதைப் பார்த்து இந்த வடிவங்கள் வருகின்றன என்று கேட்பவர்களிடம், கூச்சமின்றி, அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறேன். அதையே திரும்பச் செய்துபார்க்க, வெண்களிமண்ணை ஓலையின் அகலத்துக்கு நாடாக்களாக வெட்டி, ஈரம் காயுமுன் பின்னிக் கூம்பாக்கிச் சூளையில் வைத்தேன். முதல் மூன்றும் சரிந்தன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் மடிந்தது என்று குறிப்பேட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். நான்காவது நிமிர்ந்து நின்றது. என் விளக்குகளின் கண்காட்சியில் அதைப் பலர் விலைக்குக் கேட்டும் கொடுக்காமல், மோர்டனில் அம்மா இப்போது இருக்கும் வீட்டின் முன்னறையில் என் கையாலேயே மாட்டினேன்.

கட்டங்கள் அப்படியே சுவரில் விழுகின்றன. மணம் மட்டும் இல்லை. அது அந்த ஓலையோடு போய்விட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தடியூன்றி வந்த குணம் மாமா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அக்கா, இன்னும் அவியேல்லையே?"

அம்மா என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இப்பதான் தம்பி அவிஞ்சது. கோப்பை கொண்டுவந்தனியே?"