அப்பா விற்ற ஆட்டக்காரன்

தேங்காயெண்ணெய் தடவி நிழலில் உலர்த்திய தோல்பந்தின் வாசனை, அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் எங்கள் வீட்டு முன்கூடமெங்கும் நிறைந்திருக்கும். உதியன்குளங்கரைப் பந்துக் குழுவுக்கு அப்பாதான் தலைவர். ஆகவே பந்து வீட்டுக்குள் இருந்தது, அதை உதைப்பவர்கள் படிவாசலுக்கு வெளியே நின்றார்கள். பத்து வயதுப் பெண்ணான எனக்கு வயலுக்குப் போக அனுமதி இல்லையென்றாலும், மாடிச் சன்னலின் மரக்கம்பிகளுக்கிடையே ஓர் ஆட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை.

நான் பார்த்ததெல்லாம் சூசையைத்தான். குளத்தூருக்குத் தெற்கே, கடற்புரத்திலிருந்து நடந்தே வருவான். விடியலில் தகப்பனோடு கட்டுமரம் தள்ளிய கால்கள் மாலையில் செருப்பின்றி அந்தக் கட்டாந்தரையில் பறக்கும்போது, "அடிலே மக்கா, வலை கிழியட்டும்!" என்று வரப்பிலிருந்து கூச்சல் எழும், அங்கே கோலுக்கு நட்டிருந்தவை இரண்டு கமுகந்தடிகள்தாம், வலையே கிடையாது என்பது கத்துபவர்களுக்கு நினைவிருக்காது. வென்ற நாட்களில் அப்பா, "நம்ம சூசையாக்கும்!" என்று பூரித்து, வாசலுக்கு வெளியே அவனுக்கு இஞ்சி தட்டிப்போட்ட "சம்பாரம்" மோர் ஊற்றச் சொல்வார்.

மகாராஜாவின் பிறந்தநாளன்று நெய்யாற்றின்கரைக்காரர்கள் எங்கள் வயலில் ஆட வருவதாக இருந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, திருவனந்தபுரத்துச் சர்க்கார் ஆபீசு ஒன்றின் குழுவுக்குச் சூசையை அப்பா கொடுத்துவிட்டார். தலைவர் சொன்னதை மறுக்கத் தெரியாத சூசை பஸ் ஏறினான். அதே வாரம், அதே ஆபீசில், பந்தைக் கையால்கூடத் தொட்டறியாத என் அண்ணனுக்குக் குமாஸ்தா வேலைக்கான உத்தரவு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

எங்களுடையது சைவ வீடாகையால் மீன்கூடை எங்கள் வாசலை அணுகுவதில்லை. மறுநாள் காலை அணுகியது. சூசையின் தாய் மதலேனாள் கூடையோடு படியருகே நிற்கக் கண்டு, வேலைக்காரர் பதறினார்: "இங்க ஆரும் மீன் வேங்க மாட்டாங்க, போ!"

"நான் விக்க வரல்ல. நீங்க வித்ததைக் கேக்க வந்தேனாக்கும்."

அப்பா வெளியே வந்தார். "வித்தேனா? நல்ல எடத்துக்கு அனுப்பியிருக்கேன். சாப்பாடு உண்டு, தங்க எடம் உண்டு."

"உத்தியோகம் உண்டுமா, ஏமானே?"

அப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சந்தையில மாட்டைப் பிடிச்சாக்கூட உடையவகிட்ட ஒரு வாக்கு கேப்பாங்க. பெத்தது நான், பாயசம் மட்டும் ஒங்க அடுக்களையிலயா?"

அவள் போன பின், அவள் நின்ற இடத்தில் சாணநீர் தெளிக்கச் சொன்னார் அப்பா. தெளித்ததைச் சன்னலிலிருந்து பார்த்தேன். யாருடைய காலடி எங்கள் படிக்கே தீட்டோ, அவள் மகனின் கால்கள் மட்டும் எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு எங்களுக்கு உரிமையாயிருந்தன!

பிறந்தநாள் ஆட்டத்தில் தோற்றோம். எதிராளி கோல் போட்டபோதெல்லாம், "தலைவரே, பாயசம் ஆறுது!" என்று எங்கள் ஊர்க்காரர்களே கத்தினார்கள். மூன்றாவது கோலுக்குப் பிறகு கத்தவும் ஆளில்லை, வரப்பு காலியாகிவிட்டது.

சூசை நன்மைக்காகவே அனுப்பப்பட்டான் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. நன்மையென்றால் அவனையோ அவனைப் பெற்றவளையோ கேட்டிருப்பார்கள். இரண்டு பருவம் ஆடினான், முழங்கால் ஒடிந்தது, ஒடிந்த காலுக்கு அந்த ஆபீசில் இடமில்லை. இப்போது கரையில் அமர்ந்து பிறருடைய வலைகளுக்கு முடிச்சுப் போடுகிறான் என்று கேள்வி.

குழு கலைந்துவிட்டது. அந்த வயலில் மரச்சீனிக் கிழங்குச் செடி நிற்கிறது; சன்னலைத் திறந்தால் இலைகள்தாம் தெரிகின்றன. அண்ணன் மட்டும் அதே நாற்காலியில் இருக்கிறான். நான் இலக்கியம் படிப்பது அவன் சம்பளத்தில். ஒவ்வொரு தவணையும் விடுதி வாசலுக்கு வந்து கல்லூரிக் கட்டணத்தை என்னிடம் நீட்டுகிறான். இவ்வளவு கோபத்தோடும் நான் அதை வாங்கிக்கொள்கிறேன்.